செவலைக்கு வைத்த இலைத்தூள்

போன மாதம் ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் வீடு தேடி வந்தார்கள். கையில் பளபளவென்று ஓர் அழைப்பிதழ். கால்நடைத் தீவனத்தில் தாவர மாற்றுகள், பலதுறைக் கருத்தரங்கம் என்று போட்டிருந்தது. "மேடம், இந்த ஊர்ல இதை மொதல்ல செஞ்சது உங்க டீம்தானாமே, வந்து பேசணும்" என்றார்கள். எனக்கு முட்டி வலி. மேடை ஏற முடியாது, மைக் முன்னால் நிற்கவும் முடியாது என்று சொன்னேன். விடவில்லை. கடைசியில் அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரியாகத் தெரிந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "சரி மேடம், பேச வேணாம். உங்க காலத்துல அந்த இலைத்தூள் போட்டதுல பால் எவ்ளோ ஏறுச்சு? ஒரு நம்பர் சொல்லுங்க, போஸ்டர்ல போட்டுக்குறோம்."

அட, என் தலையெழுத்தே. வேலைக்காலம் முழுக்க எனக்குக் கிடைக்காமல் போன ஒரே நம்பரை அந்தப் பெண் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள்! "யோசித்துச் சொல்கிறேன்" என்று காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. சொல்லத்தான் அலுப்பாக இருந்தது. இதோ எழுதிவிடுகிறேன்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்ததும் புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழைய கட்டடம், உயரமான கூரை, கடல் பக்கம் ஜன்னல். உப்புக் காற்றில் தராசின் திருகுகள் எல்லாம் துருப்பிடிக்கும். அதைத் துடைப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. முதல் சில வருடங்கள் துடைப்பதிலும் கழுவுவதிலும் போயின. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் தலைவரை எல்லோரும் முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். பிரான்சில் படித்த தமிழர். குரல் உயர்த்த மாட்டார், திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். எதையும் "அலோர்..." என்று, நம்ம 'அப்படின்னா' மாதிரி, இழுத்துத்தான் ஆரம்பிப்பார். யார் கை அவசரப்பட்டாலும் "தூஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். அந்தச் சொல்லை நான் கேட்ட அளவுக்கு என் பெயரைக்கூட யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தூஸ்மான், மங்கை, தூஸ்மான்.

எடை போடுவது அவருக்குப் பூசை மாதிரி. மே மாத வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். ஜன்னலைச் சாத்தச் சொல்வார். தராசின் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு, முள் நிற்கிறவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார். நாங்கள் வியர்வையில் ஊறிக்கொண்டு பேசாமல் நிற்போம். பிறகு அதே பொருளை எடுத்து மறுபடியும் எடை போடுவார். எங்கள் குழுவின் மாட்டு டாக்டர் என் காதில் கிசுகிசுப்பார்: "இவரு எடை போட்டு முடிக்கறதுக்குள்ள என் மாடு சினையே புடிச்சிடும்மா."

குழு என்று சொன்னேன். இன்றைக்குப் பலதுறை என்று பெரிய பெயராக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரே மேசையில் நாலு பேர் உட்கார்ந்து நாலு பாஷையில் சண்டை போட்டதுதான் அது. முசியே வேதியியல். மாட்டு டாக்டர் மாடு. மரம் வளர்க்கிற தாவரவியல்காரர் ஒருவர். அவரை நான் செடி சார் என்பேன். பொருளாதாரம் படித்தவர் கணக்கு சார். அவரவர் துறையில் எல்லோருமே நல்ல கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இவர் பேசும்போது அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், அவர் பேசும்போது இவர் பென்சில் சீவுவார்.

வேலை இதுதான். கடலைப் புண்ணாக்கு வாங்கிப் போட முடியாத வீடுகளில் மாடு வைக்கோலையும் கழுநீரையும் நம்பித்தான் நிற்கிறது. புண்ணாக்கின் இடத்தில் ஏதாவது இலையை வைக்க முடியுமா? செடி சார் சூபாபுல் மரத்தைக் கொண்டுவந்தார். ஊரில் சவுண்டல் என்பார்கள். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் அதை வளர்த்து, தழையை ஒடித்து, தார்ப்பாயில் நிழலில் காயப்போட்டுப் பொடித்து மூட்டையாக அனுப்புவார். மூட்டையைப் பிரித்தால் பச்சை வாசனை தும்மல் வரவழைக்கும்.

அதில் எவ்வளவு புரதம் என்று பார்ப்பது என் பொறுப்பு. தூளை எடைபோட்டு, காகிதத்தில் பொட்டலமாக மடித்து, நீளக் கழுத்துக் குடுவைக்குள் இறக்கி, அடர் கந்தக அமிலத்தில் வேகவைக்க வேண்டும். முதலில் கன்னங்கரேல் என்று நுரைத்துக் கழுத்துவரைக்கும் ஏறும். அப்போது நெருப்பைக் குறைக்கத் தெரியவேண்டும். விட்டால் பொங்கி எல்லாம் போச்சு. கருப்பு பழுப்பாகி, பழுப்பு வெளுத்து, கடைசியில் தெளிந்த பச்சைத் தண்ணீராக நிற்கும். அதுவரைக்கும் நகரக்கூடாது. புகை போக்கி பழுதாகவே கிடந்ததால் ஜன்னலோரமாக நின்று இருமுவேன். அந்த வருடங்களில் என் சேலை ஒன்றில்கூட முந்தானை முழுசாக இருந்ததில்லை, எல்லாம் அமிலப் பொத்தல். புரதம் அருமையாக இருந்தது. அதே இலையில் ஒரு நஞ்சும் இருந்தது. இலைச் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்தால் ஊதாச் சிவப்பாக மாறும், அதை வைத்து முசியே அளந்தார். அளவுக்கு மேல் போனால் மாட்டுக்கு முடி கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும், வயிற்றுக் கன்று பாதிக்கும் என்று புத்தகத்தைக் காட்டிச் சொன்னார். ஒரு மாட்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு டப்பாவில் கோடு கிழித்து, தூள் போடப்போகிற வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.

சோதனைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது மில் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தெரு. அப்போது அந்த மில் கதவடைத்திருந்தது. ஆம்பளைகள் எல்லாம் வேலை இல்லாமல் தெருமுனையில் உட்கார்ந்திருக்க, குடும்பங்கள் மாட்டு மடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. சில வீட்டு மாட்டுக்கு இலைத்தூள், சில வீட்டுக்கு வெறும் தவிடு. காலையும் மாலையும் கறந்த பாலை எடைபோட ஆள் வேண்டும். மாட்டுக் கொட்டகைக்குள் முன்பின் தெரியாத ஆம்பளையை விடமாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டதால், ஸ்பிரிங் தராசும் கையுமாக நான் போனேன்.

அந்தத் தெருவில்தான் பூங்காவனம் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் தறி ஓட்டியவர், மில் மூடியதில் இருந்து இருமலோடு படுத்துக்கிடந்தார். பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். ஒரே ஒரு பசு, செவலை என்று கூப்பிடுவாள். ஜெர்சிக் கலப்பு. அது கறந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அவ்வளவுதான் விஷயம், அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. செவலை சினையாகவும் இருந்தது. இந்தக் கன்று கிடேரியாகப் பிறந்தால் இன்னொரு மாடு, கொஞ்சம் மூச்சு விடலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"வாம்மா தராசு" என்றுதான் என்னை வரவேற்பாள். "இன்னிக்கு இன்னாம்மா, கண்ணு செவந்து கெடக்குது? ஆசிட்ட மோந்துட்டு வந்தியா?"

பால் செம்பைக் கொக்கியில் மாட்டுவேன். முள்ளைப் பார்த்து எழுதிக்கொள்வேன். இவ்வளவுதானா என்று சில நாள் கேட்டதும் உண்டு. "கன்னு குடிச்சிட்டுதும்மா. இன்னா பண்றது, அதுவும் உசுருதான?" என்பாள். பழைய ஈற்றுக் கன்று ஒன்று அங்கே கட்டிக்கிடந்ததும் உண்மைதான். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். நான் மாடு இருந்த வீட்டில் பிறந்தவள் இல்லை. கன்றுகள் பால் குடிக்கத்தானே செய்யும் என்று நானும் அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

வாரங்கள் போயின. பால் ஏறவில்லை. இலைத்தூள் வீடும் தவிட்டு வீடும் ஒன்றாகவே நின்றன. மேசையில் சண்டை ஆரம்பித்தது.

"என் இலையில குறை கிடையாது" என்றார் செடி சார்.

"இலையில புரதம் இருக்கு. மாட்டுக்குள்ள போய் என்ன ஆகுதுன்னு டாக்டர்தான் சொல்லணும்" என்றார் முசியே.

"மாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போடறது பத்தல. இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, மாட்டுக்கு நாலு அறை வயிறு, தாங்கும்" என்றார் டாக்டர்.

கணக்கு சார் பொறுமை இழந்துவிட்டார். "மேலேர்ந்து பார்வையிட வரப் போறாங்க. ஏறலன்னு சொன்னா அடுத்த வருஷம் இந்த மேசையே இருக்காது. ஏதாவது செய்யுங்க!"

எல்லோரும் முசியேயைப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலை மேசையில் உருட்டினார். பிறகு, "அலோர்... கொஞ்ச நாளைக்கு ஏத்திப் பார்க்கலாம்" என்றார். டப்பாவில் புதுக் கோடு கிழிக்கப்பட்டது, பழைய கோட்டுக்கு நன்றாக மேலே. அன்றைக்கு அந்த அறையில் தூஸ்மான் என்று சொல்ல யாரும் இல்லை. அவரே சொல்லவில்லையே, வேறு யார் சொல்வது?

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் செம்பை மாட்டக் குனிந்தபோது செவலை வாலைச் சுழற்றியது. வழக்கமாக என் முகத்தில் அடிக்கும் குஞ்சம் அன்றைக்கு அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வால் நுனியில் கொஞ்சம் முடிதான் மிச்சம். வாயோரம் எச்சில் வழிந்தது. கொட்டகைக் கூரையில் புதிதாகப் படிகாரமும் காய்ந்த மிளகாயும் தொங்கின.

"என்ன பூங்காவனம் இது?"

"கொட்டுதும்மா. கொஞ்ச நாளாவே கொட்டுது. கண்ணு பட்டுடுச்சி. சுத்திப் போட்டுட்டேன், சரியாயிடும்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

டாக்டரிடம் சொன்னேன். மழைக்குச் சொறி வந்திருக்கும், களிம்பு தருகிறேன் என்றார். முசியேயிடம் சொன்னேன். கையில் இருந்த குடுவையை அப்படியே வைத்துவிட்டார். குடை எடுக்கவில்லை, ரிக்‌ஷா கூப்பிடவில்லை. மெருகேற்றிய சப்பாத்தோடு சேற்றில் இறங்கி நடந்தார். நான் ஓட வேண்டியிருந்தது. அவர் வேகமாக நடந்து அன்றுதான் பார்த்தேன்.

கொட்டகைக்குள் சாணியில் மண்டி போட்டு உட்கார்ந்தார். செவலையின் தாடைக்குக் கீழே, கழுத்தில், இரண்டு கையாலும் மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. "மோன் தியே" என்றார், கடவுளே என்று. பிறகு பூங்காவனத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

"இந்தத் தூள இனிமே போடாதீங்கம்மா. ஒரு பிடிகூட வேணாம். தப்பு நடந்துபோச்சு. பால் ஏறலயேன்னுதான் அளவ ஏத்தினோம்."

பூங்காவனம் அப்படியே நின்றாள். "ஏறலன்னு யாரு சொன்னது?"

"மங்கைதான் தினமும் எடை போடுறாங்களே."

அவள் என்னைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு மண்பானை இருந்தது. மேலே மூடியிருந்த முறத்தை எடுத்தாள். கறந்த பால், கழுத்துவரைக்கும். அன்றைய காலைப் பால்தான். என் தராசுக்கு வந்தது மிச்சம் மீதி.

"கறக்கறத முழுசா எப்பிடிம்மா காட்டுவேன்? காலையில ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம், வெளியாளு வந்து கொக்கியில மாட்டிப் பாத்து எழுதிக்கினு போனா அந்த மாடு உருப்படுமா? நீ நல்ல பொண்ணுதான். ஒன் கண்ணு நல்ல கண்ணுதான். இருந்தாலும் கண்ணு கண்ணுதானே! பால் ஏற ஏற, கண்ணு பட்டுடுமோன்னு எனக்குப் பயம். ஏறினத எடுத்து ஒளிச்சேன். இந்தத் தெருவுல அத்தனை பேரும் அப்பிடித்தான். நீங்க அளவ ஏத்துவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

 கூரையில் இருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. முசியே அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தூள் வேலை செய்திருக்கிறது. வேலை செய்ததால்தான் ஒளித்திருக்கிறார்கள். ஒளித்ததால்தான் நாங்கள் ஏற்றினோம். ஒரு தெரு முழுக்க நடந்தது, நாலு துறையும் மேசையில் உட்கார்ந்திருந்தும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. யார் மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

எல்லா வீட்டிலும் அன்றே தூளை நிறுத்தினோம். மற்ற மாடுகள் தப்பித்தன. செவலை கார்த்திகை தீபத்துக்கு முன்னால், மாதம் நிறையாமலே கன்று ஈன்றது. கிடேரிதான். கழுத்து புடைத்து, உடம்பில் முடியே இல்லாமல், உயிரில்லாமல் விழுந்தது. நான் போனபோது பூங்காவனம் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். செவலை அந்தக் கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. போதும், இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

டாக்டர் தினமும் வந்து செவலைக்கு ஊசி போட்டார்.  கொஞ்சம் கொஞ்சமாக மாடு தேறியது, வாலில் பூனை மயிர் மாதிரி முடி துளிர்த்தது.

அறிக்கை எழுத வேண்டும். உண்மையான அளவு வேண்டும் என்று முசியே பூங்காவனத்தைத் தேடிப் போனார். நானும் போனேன். வாசலிலேயே நின்று கேட்டார். எவ்வளவு கறந்தது, உத்தேசமாகச் சொன்னால்கூடப் போதும், மற்ற வீட்டு மாடுகளுக்காவது பிரயோசனப்படும் என்றார். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எல தின்னுதான் கன்னு செத்துதுன்னு நீங்க சொல்றீங்க. இருக்கலாம், படிச்சவங்க. ஆனா அளந்ததுலதான் செத்துதுன்னு என் மனசு சொல்லுது. ரெண்டுல எதுன்னு யாரு கண்டா? போன உசுரு போதும் முசியே. நான் சொல்ல மாட்டேன்."

தெருவில் வேறு யாரும் சொல்லவில்லை. முசியே அறிக்கையில் இப்படித்தான் எழுதினார்: பால் அளவு நம்பத்தக்கதல்ல, அளவுக்கு மீறிக் கொடுத்ததில் தீங்கு நேர்ந்தது, முடிவு எடுத்தது நான். மற்ற மூவரும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள். கடைசியில் டாக்டர் மட்டும் போட்டார். மேசை கலைந்தது. செடி சாரும் கணக்கு சாரும் வேறு வேறு ஊர்களுக்குப் போனார்கள். என்னைக் குடிநீர் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள், அடுத்த அறைதான். ஓய்வு பெறும்வரை பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைச் சோதித்தேன். தண்ணீர் எதையும் ஒளிக்காது. முசியேக்கு வரவேண்டிய பதவி வரவில்லை. காலி அறையில் தராசைத் துடைத்துக்கொண்டு மிச்ச வருடங்களைக் கழித்தார்.

அந்தப் பெண்ணுக்கு நான் என்ன நம்பர் சொல்வது? வெற்றியா, தோல்வியா என்றுகூட ரொம்ப நாள் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் தெரிந்தது. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கன்று செத்து ஒன்றரை வருடம் இருக்கும். மத்தியானம் எங்கள் பழைய ஆய்வக வாசலில் நிழல் தட்டியது. பார்த்தால் பூங்காவனம். அந்தக் கட்டடத்துக்குள் அவள் வந்ததே இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, துணி கட்டிய பெரிய தூக்கு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செவலை கன்னு போட்டுட்டுதும்மா. கிடேரி. எகிறிக் குதிக்குது, புடிக்க முடியல." சிரித்தாள். "சீம்பாலு. வெல்லம் போட்டு அவிச்சிக் கொண்டாந்தேன். முசியே இருக்காரா?"

அவரை அழைத்துவந்தேன். ஆய்வகத்தில் ஒரு மிட்டாய்கூட வாயில் போடக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். தூக்கை வாங்கினார். வாங்கிய கை அதை லேசாக மேலே தூக்கி, இறக்கி, நிதானித்தது. ஆயுசு முழுக்க எடைபோட்டவர் கை, அது சொன்னால் கேட்குமா?

பூங்காவனம் பார்த்துவிட்டாள். "பாரும்மா, கையும் அளக்குது பாரு!" என்று கைகொட்டிச் சிரித்தாள். "அளக்காதீங்க முசியே, சாப்புடுங்க."

முசியே கூச்சத்தோடு தூக்கைக் கீழே வைத்தார். அமிலப் புகை படிந்த அந்த மேசையிலேயே நின்றபடி சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு கறக்கிறது என்று கேட்க அவர் வாய் திறந்ததையும், கேட்காமலே மூடிக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

அவள் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரைக்கும் போய், செருப்பில் ஒரு கால் வைத்தவள், திரும்பாமலேயே கேட்டாள்.

"அந்த எலத்தூளு... மிச்சம் ஏதாச்சும் கெடக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு பூங்காவனம்?"

"எதுக்குன்னுலாம் கேக்காதம்மா. மொதல்ல குடுத்தீங்களே, அந்தக் கோடு. அந்த அளவுக்குக் கெடச்சா போதும்."

 முசியே அலமாரியின் அடித்தட்டில் இருந்து தூள் மீந்திருந்த டின்னை எடுத்தார். முகர்ந்து பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். தட்டில் தூளைக் கொட்டி, முள் நிற்கிறவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பூங்காவனம் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவர் எடைபோடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பொட்டலம் ஆனதும் பிரித்து மறுபடி எடை போட்டார். தூஸ்மான், தூஸ்மான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.